இட்டார்சியில் வண்டி நிற்கும்

சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகிறவரும் காசிக்குப் போகிறவரும் ஒரே பாதையில்தான் கிளம்புகிறார்கள். விஜயவாடா, வாரங்கல், பல்லார்ஷா, நாக்பூர் என்று 1,300 கிலோமீட்டருக்கு மேல் இருவருக்கும் ஒரே தண்டவாளம்தான். பிறகு மத்தியப் பிரதேசத்தில் சாத்பூரா மலையை இறங்கியதும் இட்டார்சி ஜங்ஷன் வருகிறது. அங்கே வழி பிரிகிறது. டெல்லி வண்டி வடக்கே போபாலை நோக்கிப் போகிறது. காசி வண்டி வலது கைப் பக்கம் ஜபல்பூருக்குத் திரும்புகிறது. இடது கைப் பக்கம் போனால் கண்ட்வா, புசாவல் வழியாக மும்பை.

பல தலைமுறைத் தமிழர்களுக்கு இந்த ஊரின் பெயர் தெரியும், ஊர் தெரியாது. டெல்லியில் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் நாற்பது வருஷத்தில் எண்பது தடவை இட்டார்சிக்கு வந்திருப்பார். ஸ்டேஷன் வாசலைத் தாண்டி ஒரு தடவைகூட வெளியே போயிருக்க மாட்டார். தண்ணீர் பிடிக்க இறங்குவார், டீ வாங்குவார், பெட்டி நம்பரைத் திரும்பிப் பார்த்துக்கொள்வார், விசில் சத்தம் கேட்டதும் ஓடி வந்து ஏறிக்கொள்வார். “தண்ணி பிடிக்கப் போன மனுஷரை இன்னும் காணோமே” என்று ஜன்னல் கம்பி வழியே எத்தனை மனைவிமார்கள் தவித்த பிளாட்பாரம் அது! இந்திய ரயில்வேயின் நேர அட்டவணையில் இட்டார்சியைப் போலப் பழக்கமான பெயர் அதிகமில்லை. பழகியும் அந்நியமாகவே இருந்துவிட்ட ஊர்களிலும் அதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

நான்கு திசைக்கும் வழி பிரியும் பெருமை நாக்பூருக்கும் உண்டு. ஆனால் நாக்பூர் தன்னளவிலேயே பெருநகரம். ரயில் இல்லாவிட்டாலும் அதற்கு வேறு வாழ்க்கை இருந்திருக்கும். இட்டார்சி அப்படியல்ல. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் இந்த ஊரில் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலை உண்டு, தானிய மண்டி உண்டு, மற்றபடி எல்லாம் ரயில்தான். ஹிந்தியில் ‘ஈண்ட்’ என்றால் செங்கல், ‘ரஸ்ஸி’ என்றால் கயிறு. செங்கல் சூளையும் கயிறு திரிப்பதும் இருந்த கிராமம் என்பதால் இட்டார்சி என்று உள்ளூர்க்காரர்கள் பெயர்க் காரணம் சொல்வார்கள். சரியோ தப்போ, ரயில் வருவதற்கு முன் அது அவ்வளவு சின்ன ஊர் என்பதையாவது அந்தக் கதை ஒப்புக்கொள்கிறது. ஜில்லா தலைநகரம் பதினெட்டு கிலோமீட்டர் வடக்கே, நர்மதைக் கரையில் இருக்கிற ஹோஷங்காபாத். 2022ல் அந்த நகரத்துக்கும் ஜில்லாவுக்கும் நர்மதாபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

ரயில் ஹோஷங்காபாதை விட்டுவிட்டு இட்டார்சிக்கு வந்ததற்குக் காரணம் பணம்தான். 1860களில் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே கம்பெனி பம்பாயிலிருந்து கிழக்கே பாதை போட்டுக்கொண்டு வந்தது. ஹவுராவிலிருந்து வந்த ஈஸ்ட் இந்தியன் ரயில்வே, அலகாபாதிலிருந்து ஒரு கிளையை இறக்கி 1867ல் ஜபல்பூருக்குக் கொண்டு வந்து சேர்த்தது. இரண்டும் ஜபல்பூரில் சந்தித்தால் பம்பாயும் கல்கத்தாவும் இணைந்துவிடும். நர்மதைக்குத் தெற்கே, ஆற்றை ஒட்டிய சமவெளியில் போனால் ஜபல்பூரை நெருங்கும்வரை அந்தப் பெரிய நதியைக் கடக்க வேண்டியதில்லை. ஹோஷங்காபாத் நதிக்கரையில் இருந்தது. நேர்கோட்டில் போன பாதை அதைச் சீண்டாமல் தெற்கே ஒதுங்கிப் போயிற்று. அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளியாக விழுந்த கிராமம்தான் இட்டார்சி.

1870 மார்ச்சில் வைஸ்ராய் மேயோ பிரபு ஜபல்பூருக்கு வந்து பாதையைத் திறந்துவைத்தார். பம்பாயில் ஏறியவர் இறங்காமல் கல்கத்தா போகலாம் என்ற செய்தி ஐரோப்பாவில் பெரிதாகப் பேசப்பட்டது. பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல்ஸ் வெர்ன் எண்பது நாளில் உலகத்தைச் சுற்றும் கதையை எழுதியதற்கு இந்தப் பாதையும் ஒரு காரணம். வேடிக்கை என்னவென்றால், கதை நடப்பது 1872ல். அப்போது பாதை முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வெர்ன் தன் நாயகனை பர்ஹான்பூர் தாண்டிக் கொண்டுவந்து, அலகாபாதுக்கு முன்னால் தண்டவாளம் முடிந்துவிட்டது என்று நடுக்காட்டில் இறக்கிவிட்டு, யானை வாங்க வைத்துவிட்டார். நாவலுக்கு யானை தேவைப்பட்டது. நிஜத்தில் அந்தப் பிரபு தூங்கிக்கொண்டே இட்டார்சியைக் கடந்து ஜபல்பூர் போயிருப்பார்.

பதினான்கு வருஷம் இட்டார்சி வெறும் ஸ்டேஷனாகத்தான் இருந்தது. ஜங்ஷனாக்கியவர் ஒரு பெண். போபால் சமஸ்தானத்தைத் தலைமுறை தலைமுறையாக பேகம்கள் ஆண்டுவந்த காலம் அது. ஷாஜகான் பேகம் சமஸ்தானத்தின் பணத்தைக் கொடுத்து போபாலுக்கு ரயிலை வரவழைத்தார். நர்மதைக்குப் பாலம் கட்டி, விந்திய மலையைக் குடைந்தும் ஏறியும் போன அந்தப் பாதை இட்டார்சியிலிருந்து 1884ல் போபாலைத் தொட்டது. 1889ல் அது ஜான்சி வரை நீண்டு, ஆக்ரா, டெல்லி பக்கத்துப் பாதைகளோடு சேர்ந்தது. 1912ல் தொடங்கிய பஞ்சாப் மெயில் பம்பாயிலிருந்து பெஷாவருக்குப் போனது இந்த வழியாகத்தான். இன்றும் பெரோஸ்பூர்வரை இப்படித்தான் போகிறது.

மேற்கு, கிழக்கு, வடக்கு என்று மூன்று திசை ஆயிற்று. தெற்கு மட்டும் மிச்சம் இருந்தது. தமிழ்நாட்டுக்கும் இட்டார்சிக்கும் உறவு ஏற்பட இன்னும் நாற்பது வருஷம் பிடித்தது. நடுவே சாத்பூரா மலை நின்றது. மதராஸிலிருந்து டெல்லி போகிறவர்கள் அதுவரை ராய்ச்சூர் வழியாக பம்பாய்ப் பக்கம் ஏறிச் சுற்றிக்கொண்டு போனார்கள். இட்டார்சி–நாக்பூர் பாதை 1920களில்தான் முழுமையடைந்தது. நாக்பூருக்குத் தெற்கே பல்லார்ஷாவுக்கும் காசிப்பேட்டைக்கும் நடுவே காட்டுக்குள் இருந்த இடைவெளி 1929ல் மூடப்பட்டது. அதே வருஷம் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. முதலில் அது பெஷாவருக்கும் மங்களூருக்கும் நடுவே ஓடியது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாலு நாளுக்கு மேல் ஆகும். பிறகுதான் மதராஸ்–டெல்லி வண்டியாகச் சுருங்கியது. இன்று ‘ஜி.டி.’ என்று செல்லமாக அழைக்கப்படும் வண்டி அதுதான்.

தெற்குப் பாதை சுலபமான பாதையல்ல. இட்டார்சியை விட்டு நாக்பூர் பக்கம் போகிற வண்டி கொஞ்ச தூரத்திலேயே தேக்குக் காட்டுக்குள் நுழைந்து மலை ஏற ஆரம்பிக்கிறது. தாராகோவுக்கும் மரம்ஜிரிக்கும் நடுவே ஏற்றம் மிகக் கடுமை. மரம்ஜிரி என்ற பெயரைத் தமிழ்க் காது தன் ஊராகவே கேட்டுக்கொள்ளும். அங்கே மரத்துக்கும் பஞ்சமில்லை. பாரம் கூடிய வண்டிகளுக்கு இந்த இடத்தில் பின்னாலிருந்து தள்ளிவிடத் தனி எஞ்சின்கள் உண்டு. ரயில்வேக்காரர்கள் ‘பேங்கர்’ என்பார்கள். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்றிரண்டு முட்டித் தள்ள, வண்டி முனகிக்கொண்டே மலை ஏறும். ஏறி முடிந்ததும் தள்ளியவை கழன்றுகொள்ளும். தூங்குகிற பயணிக்கு இது எதுவும் தெரியாது.

தெரியாமலே நடப்பதுதான் ஜங்ஷனின் வேலை. நீராவிக் காலத்தில் எஞ்சினுக்குக் கரி வேண்டும், தண்ணீர் வேண்டும், சாம்பல் தட்ட வேண்டும், டிரைவரும் பயர்மேனும் மாற வேண்டும். வண்டி சாவகாசமாக நிற்கும். 1960களில் டீசல் வந்தது. இட்டார்சி நியூ யார்டில் டீசல் எஞ்சின் கொட்டகை எழுந்தது. நாட்டின் எந்த மூலையிலாவது எஞ்சினின் பக்கவாட்டில் இட்டார்சி என்று எழுதியிருப்பதை ரயில் பைத்தியங்கள் கண்டிருப்பார்கள். அந்தக் கொட்டகையில் வளர்ந்த எஞ்சின் என்று அர்த்தம். 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் டெல்லி, நாக்பூர், மும்பை பாதைகளுக்கு மின்சாரம் வந்தது. ஜபல்பூர் பாதைக்கு மட்டும் பல வருஷம் வரவில்லை. அதனால் மும்பையிலிருந்து மின்சார எஞ்சினில் வந்த வண்டி இட்டார்சியில் அதைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டிக்கொண்டு அலகாபாதுக்குப் போகும். தெற்கிலிருந்து வந்த கங்கா காவேரிக்கும் அதே கதி. எஞ்சின் மாற இருபது நிமிஷம், அரை மணி ஆகும். அந்த அரை மணிதான் இட்டார்சி வியாபாரிகளின் சோறு.

அந்நாட்களில் மாலையில் டெல்லியை விட்ட ஜி.டி. மறுநாள் காலையில் இட்டார்சிக்கு வரும். கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியிருந்த குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு ஊர் போகிற வண்டி. மூட்டை முடிச்சு, கூஜா, தலைகாணி, மிளகாய்ப் பொடி தடவிய இட்லி அடங்கிய எவர்சில்வர் டப்பா, மூலையில் சுருண்டு கிடக்கும் பாட்டி. பல் தேய்த்து முகம் கழுவுவது இட்டார்சிக் குழாயில். பிளாட்பாரத்தில் பூரி, உருளைக்கிழங்குக் கறி, சமோசா, மண் குவளையில் டீ; மத்தியப் பிரதேசத்துக்கே உரிய அவலும் ஜிலேபியும். ‘அவலோடு ஜிலேபியா?’ என்று முகம் சுளித்த குழந்தைகள் அடுத்த வருஷம் அதைக் கேட்டு வாங்கின. மத்தியானம் நாக்பூரில் ஆரஞ்சு. ராத்திரிக்குள் தெலுங்கு காதில் விழ ஆரம்பிக்கும். ஹிந்தியில் பேரம் பேசும் கடைசிப் பெரிய ஸ்டேஷன் இட்டார்சி என்று அந்தக் குழந்தைகள் கணக்கு வைத்திருந்தார்கள். திரும்பி வரும்போது அதுவே விடுமுறை முடிந்ததற்கு அடையாளம்.

காசி வண்டியின் கூட்டம் வேறு. அதில் குழந்தைகள் குறைவு, வயதானவர்கள் அதிகம். ராமேஸ்வரத்து மணலைத் துணியில் முடிந்து வைத்திருப்பார்கள், கங்கையில் கரைக்க. சிலரிடம் மண் கலயத்தில் வேறொன்றும் இருக்கும், அதுவும் கங்கையில் கரைக்கத்தான். ராமேஸ்வரத்திலிருந்தே நேராகக் காசிக்குப் போகும் வாராந்தர வண்டியும் பிற்பாடு வந்தது. அதுவும் இட்டார்சியில்தான் வலது பக்கம் திரும்புகிறது. ‘இட்டார்சி வந்தாச்சா? அப்ப பாதிக்கு மேல வந்தாச்சு’ என்று பெட்டியில் யாராவது ஒருவர் சொல்வார். கிலோமீட்டர் கணக்குப்படியும் அது சரிதான்.

இந்த ஊரில் வண்டிகள் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஒரு டிசம்பர் இரவில் தெரிந்தது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி போபாலில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து விஷ வாயு கசிந்தது. ஆலை ரயில் நிலையத்துக்குப் பக்கம். அன்று போபால் நிலையத்தில் இரவுப் பணியில் இருந்த துணை ஸ்டேஷன் சூப்பிரண்டெண்ட் குலாம் தஸ்தகீர் வெளியே வந்தபோது கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. பிளாட்பாரத்தில் கோரக்பூர் எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டிருந்தது. அதை நேரத்துக்கு முன்பே, மேலதிகாரி உத்தரவுக்குக் காத்திராமல் புறப்படச் செய்தார். இரு பக்கத்து ஸ்டேஷன்களுக்கும் தகவல் கொடுத்து, போபாலை நோக்கி வண்டிகளை விடாதீர்கள் என்று சொல்லச் செய்தார். வடக்கே விதிஷா, தெற்கே இட்டார்சி.

டெல்லி போகிற தென்னாட்டு வண்டிகளும் பம்பாய் வண்டிகளும் இட்டார்சியைத் தாண்டாமல் போபாலுக்குப் போக முடியாது. அந்தக் கதவு சாத்தப்பட்டது. சாதாரண நாளில் வண்டியை நிறுத்தி வைத்தால் பயணிகள் ஸ்டேஷன் மாஸ்டரைச் சூழ்ந்துகொண்டு சண்டை போடுவார்கள். அன்று இருட்டில் நின்ற வண்டிகளில் இருந்தவர்களுக்கு, எதற்காக நிற்கிறோம் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. முன்னால் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது விடிந்த பிறகு நாட்டுக்கே தெரிந்தது. தஸ்தகீரின் நுரையீரலை அந்த வாயு அரித்தது. பல வருஷம் அவதிப்பட்டு 2003ல் இறந்தார். அந்த இரவின் ரயில்வே ஊழியர்களைப் பற்றி 2023ல் ஹிந்தியில் ஒரு தொலைத்தொடர் வந்தது. அதில் மாதவன் ரயில்வே உயரதிகாரியாக நடித்திருந்தார். இட்டார்சி என்ற பெயரைப் புதிய தலைமுறையில் பலர் முதன்முதலாகக் கேட்டது அதில்தான். கதையில் சினிமா கலந்திருந்தது. ஆனால் தந்தி, டெலிபோன் வழியாக வந்த ஒரு சொல்லை நம்பி வண்டிகளை நிறுத்தியது கற்பனையல்ல.

இட்டார்சி இரண்டாம் முறை தலைப்புச் செய்தியானது 2015ல். இந்தத் தடவை விபத்து அங்கேயே. ஜூன் 17ஆம் தேதி இட்டார்சியின் ‘ரூட் ரிலே இன்டர்லாக்கிங்’ கட்டடத்தில் தீப்பிடித்தது. யாரும் சாகவில்லை, ஒரு பெட்டிகூடத் தடம் புரளவில்லை. ஆனால் நாட்டின் வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்கு ரயில் போக்குவரத்து ஒரே காலையில் முடங்கியது.

அந்தக் கட்டடம் என்ன செய்தது என்று தெரிந்தால்தான் இந்த முடக்கம் புரியும். ஒரு பெரிய ஜங்ஷனில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டியும் சேர்ந்தும் பிரிந்தும் கிடக்கும். வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்புகிற நகரும் தண்டவாள முனைக்கு ‘பாயின்ட்’ என்று பெயர். நாக்பூரிலிருந்து வருகிற வண்டி ஜபல்பூர் பாதைக்குப் போக வேண்டுமானால் வழியிலுள்ள பாயின்டுகள் எல்லாம் சரியாகத் திரும்பி, பூட்டிக்கொண்டு, குறுக்கே வேறு வண்டி வராதபடி எதிர் சிக்னல்கள் சிவப்பில் இருக்க வேண்டும். பழைய காலத்தில் கேபின்களில் ஆட்கள் நெம்புகோலை இழுத்து இதைச் செய்தார்கள். ரிலே முறையில், கேபினில் இருப்பவர் முன்னால் ஸ்டேஷனின் முழுப் படமும் விளக்குகளோடு பலகையாக இருக்கும். வண்டி புகும் இடத்துக்கு ஒரு பொத்தான், போகும் இடத்துக்கு ஒரு பொத்தான். இரண்டையும் அழுத்தினால் போதும். பக்கத்து அறையில் அலமாரி அலமாரியாக அடுக்கிய ஆயிரக்கணக்கான ரிலேக்கள் ‘டிக் டிக்’ என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். தடம் காலியா? பாயின்ட் திரும்பியதா? பூட்டியதா? எதிரில் யாராவது உண்டா? எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தால்தான் பச்சை விளக்கு எரியும். ஒரு பதில் தவறினாலும் சிவப்பு.

எரிந்தது இந்த ரிலேக்கள்தான். மின் கசிவு என்றார்கள். தண்டவாளம் அப்படியே இருந்தது. எஞ்சின்கள் இருந்தன, டிரைவர்கள் இருந்தார்கள், மின்சாரமும் இருந்தது. யார் எப்போது எந்த வழியில் போகலாம் என்று தீர்மானிக்கிற மூளை மட்டும் இல்லை.

ரயில்வே நூறு வருஷம் பின்னால் போயிற்று. ஒவ்வொரு வண்டிக்கும் ஆட்கள் தண்டவாளத்தில் நடந்து போய், பாயின்டைக் கையால் சுழற்றித் திருப்பி, கிளாம்பு போட்டு, பூட்டுப் பூட்டி, சாவியோடு வந்து சொல்ல வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்திட்ட சீட்டை டிரைவரிடம் கொடுக்க வேண்டும். பச்சைக் கொடி காட்டி வண்டியை ஊர்ந்து போகவிட வேண்டும். பிறகு அடுத்த வண்டிக்கு எல்லாவற்றையும் மறுபடி திருப்ப வேண்டும். பொத்தானுக்குச் சில விநாடி பிடித்த வேலைக்கு இப்போது அரை மணியும் அதற்கு மேலும் பிடித்தது. மழைக்காலம் வேறு தொடங்கியிருந்தது. வேறு டிவிஷன்களிலிருந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டார்கள். பகலில் கொடியும் இரவில் கை விளக்குமாக, வெயிலிலும் சேற்றிலும் நடந்தவர்களின் காலில்தான் அந்த ஐந்து வாரம் இட்டார்சி ஓடியது.

ஓடியது என்றாலும் எத்தனை வண்டி ஓட முடியும்? தினமும் வண்டி வண்டியாக ரத்து அறிவிப்புகள் வந்தன. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரத்திலிருந்து வடக்கே போகிற வண்டிகள், மும்பையிலிருந்து உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் போகிற வண்டிகள் பல ரத்தாயின; சில சுற்று வழியில் திருப்பிவிடப்பட்டன. பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் திறக்கிற மாதம் அது. மாதக்கணக்கில் முன்கூட்டி டிக்கெட் வாங்கியவர்கள், டெல்லிக்குப் போய்ச் சேர வேண்டிய மாணவர்கள், திதிக்குக் காசி போகவிருந்தவர்கள், ஊர் திரும்ப வேண்டிய கூலித் தொழிலாளிகள் எல்லோரும் ஒரே பெயரைக் கேட்டார்கள். ‘இட்டார்சியில் என்னவோ ஆகிவிட்டதாம்.’ விமான டிக்கெட் வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். முடியாதவர்கள் ஸ்டேஷன்களில் படுத்தார்கள்.

புதிதாக ஒரு ரிலே கட்டடத்தை நிறுவ சாதாரணமாக மாதங்கள் பிடிக்கும். ஆயிரக்கணக்கான கம்பிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு வழியையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒரு கம்பி மாறினால் இரண்டு வண்டிகள் மோதும். சிக்னல் பொறியாளர்களும் தொழிலாளர்களும் அதை ஐந்தே வாரத்தில் முடித்தார்கள். ஜூலை 22ல் புதிய அமைப்பு வேலைக்கு வந்தது. ரத்துப் பட்டியல் மறைந்தது. பயணிகள் இட்டார்சியை மறந்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு, இட்டார்சிக்கு மேற்கே ஹர்தா ஜில்லாவில் வெள்ளம் தண்டவாளத்தின் அடிமண்ணை அரித்து, காமாயனி எக்ஸ்பிரஸும் எதிரே வந்த ஜனதா எக்ஸ்பிரஸும் அடுத்தடுத்துத் தடம் புரண்டன. சுமார் 30 பேர் இறந்தார்கள். முப்பத்தைந்து நாள் கொடி பிடித்துச் சேதமில்லாமல் வண்டிகளை அனுப்பிய இடத்துக்குச் சற்றுத் தொலைவில், எல்லாச் சிக்னலும் சரியாக இருந்த ஒரு ராத்திரியில் இது நடந்தது.

ஒரே அறையில் இவ்வளவையும் கொண்டு வந்து குவித்தது சரிதானா என்ற கேள்வியை அந்தத் தீ எழுப்பியது. கேட்டிருக்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு எளிய பதில் கிடையாது. பத்துக் கேபின்களில் நாற்பது பேர் நெம்புகோல் இழுத்த காலத்தில் ஒரு கேபின் எரிந்தால் மற்ற ஒன்பதும் வேலை செய்யும்; ஆனால் அன்றாடம் நாற்பது பேரில் ஒருவர் கண்ணயர்ந்தாலும் ஆபத்து. யந்திரம் கண்ணயராது. அதன் பலமும் பலவீனமும் ஒன்றே.

இட்டார்சிக்கு வேறொரு கவலை இருக்கிறது. அதைப் பற்றிப் பத்திரிகைகள் அதிகம் எழுதுவதில்லை. ரயில்வேயின் ஒவ்வொரு முன்னேற்றமும் ஜங்ஷனில் வண்டி நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. டீசல் வந்ததும் கரியும் தண்ணீரும் ஏற்றுகிற வேலை போயிற்று. ஜபல்பூர் பாதைக்கும் மின்சாரம் வந்ததும் எஞ்சின் மாற்றுகிற வேலை போயிற்று. வண்டி இப்போது சில நிமிஷம் நின்று கிளம்பிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டிகளின் ஜன்னல் திறக்காது. அதற்குள் இருப்பவருக்குக் கூவி விற்கிறவரின் குரல் எட்டாது. சாப்பாட்டை செல்போனில் சொல்லி வைத்தால் பெட்டிக்கே வந்துவிடும். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுகிறவருக்குச் சாதாரண வகுப்புப் பெட்டிகளும் தூங்கும் வசதிப் பெட்டிகளும்தான் மிச்சம். புது வண்டிகளில் அவையும் குறைந்துவருகின்றன. பயணிக்கு மிச்சமான இருபது நிமிஷம் யாருடைய கணக்கிலிருந்து கழிந்தது என்பதை நேர அட்டவணை சொல்வதில்லை. அதற்காக நீராவி எஞ்சினைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல முடியுமா என்ன? கூடைக்காரரும் அதைக் கேட்கவில்லை. வண்டி நிற்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்பது.

நிற்காமல் போவதற்கான ஏற்பாடுகள்தான் வேகமாக நடக்கின்றன. போபால் பக்கத்து மலைப் பாதையில், புலிகள் நடமாடும் ராதாபானி காட்டுக்கு நடுவே சுரங்கங்கள் தோண்டி மூன்றாவது தடம் போட்டிருக்கிறார்கள். நாக்பூர் பக்கம் மூன்றாவது தடத்தின் வேலை நடந்துவரும்போதே, நான்காவது தடத்துக்கு 2025ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சரக்கு வண்டிகளுக்கு மட்டுமேயான தனிப் பாதை ஒன்றை இட்டார்சியிலிருந்து விஜயவாடா வரை, ஏறத்தாழ 975 கிலோமீட்டருக்குப் போடும் திட்டமும் காகிதத்தில் இருக்கிறது. செங்கல்லும் கயிறும் கதையாகிப்போன ஊருக்கு வருகிற சரக்கு கூடத்தான் போகிறது. நடுராத்திரியில் மண் குவளை டீ விற்கிறவருக்கு அதில் ஒன்றுமில்லை. சரக்கு வண்டி டீ குடிப்பதில்லை.

கங்கா காவேரி இன்றும் வருகிறது. ராமேஸ்வரம் வண்டியும் வருகிறது. கிழவர்கள் இறங்கிக் கால் நீட்டி நடக்கிறார்கள். ஹிந்தியில் ஒலிபெருக்கி சொல்வது புரியாமல், புரிந்தவரைப் போலப் பக்கத்திலிருப்பவரிடம் விளக்குகிறார்கள். பச்சை விளக்கு எரிகிறது. டெல்லி வண்டி என்றால் இட்டார்சியை விட்டு அரை மணிக்குள் நர்மதைப் பாலம் வந்துவிடும். ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் காசை வீசிக் கும்பிட்டுக்கொள்வார்கள். காசி வண்டி நர்மதையைக் கடப்பது ஜபல்பூரை நெருங்கும்போதுதான். அதில் போகிறவர்கள் இன்னும் சில மணி நேரம் காசைக் கையிலேயே வைத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டும்.